நீ கேட்ட சத்தம்

துர்கா,

நேற்று நீ அம்மாவோடு வெகுநேரம் பேசினாய். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு முடிகிற நேரத்தில் அவள் போனை என் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் நீ வைத்துவிட்டாய். "கை பட்டு கட்டாயிருச்சு போல," என்றாள் அம்மா. எனக்காகச் சொன்ன பொய் அது. பாகான் செராயில் உன் மாமியார் வீட்டுக்கு உன்னைக் கேட்காமல் நான் வந்துபோனதிலிருந்து நீ என்னிடம் பேசுவதில்லை. பேசு என்று கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லாதவன். முன்னும் பின்னுமாகப் போனால் பொறுத்துக்கொள். உன் கார் இப்போது பட்டறை நடுவில் நிற்கிறது. புது பிஸ்டன்கள் போட்டு இஞ்சினைத் திரும்பக் காருக்குள் இறக்கிவிட்டேன். அதற்கு மேல் வேலை ஓடவில்லை. அதைப் பற்றியும் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காரை நீ வாங்கி வந்த அன்று எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய், உன் சம்பளத்தில் வாங்கிய டர்போ கார். சின்ன கார்தான், ஆனால் மிதித்தால் முதுகை இருக்கையோடு அழுத்தும். குனோங் ராபாட்டில் நம் பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "அங்கிள், இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்கள். அவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள், கார்க்காரியான உன்னிடம் கேட்கவில்லை. எனக்கு அது தவறாகவே படவில்லை.

உனக்கு என்ன வேண்டும் என்று நீ தெளிவாக வந்தாய். "அப்பா, ஒரிஜினல் காத்துப்பெட்டி அப்படியே இருக்கட்டும். உள்ள ஃபில்டர மட்டும் நல்லதா மாத்துவோம். காத்து வர்ற குழாய கொஞ்சம் பெருசாக்கி முன் கிரில்லுக்குப் பின்னால கொண்டுபோவோம். டியூன் சும்மா கொஞ்சம் போதும். நான் சாதா தொண்ணூத்தஞ்சு பெட்ரோல்தான் ஊத்துவேன்," என்றாய். இன்றைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். டர்போ ஏற்கெனவே காற்றை அழுத்திச் சூடாக்குகிறது. அதற்குள் போகிற காற்றாவது குளிர்ந்ததாக இருக்க வேண்டும். திறந்த கூம்பு ஃபில்டர் பார்க்க அழகு, உறிஞ்சும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், ஆனால் ஈப்போ வெயிலில் நெரிசலில் நின்றால் அது குடிப்பதெல்லாம் இஞ்சினின் சொந்தச் சூட்டைத்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே சிரித்தேன். "பொம்பளப் புள்ள மாதிரி பேசாத லா. என் மக காரு சத்தமே இல்லாம போனா பட்டறைக்கு என்ன மரியாதை?" என்று சொன்னேன். நான் கூம்பைப் பூட்டினேன். டர்போ அழுத்தத்தை ஏற்றினேன். தீப்பொறி விழும் நேரத்தையும் முன்னால் தள்ளினேன். ஊற்றப்போவது எந்தப் பெட்ரோல் என்று நீ சொன்னதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சோதித்துப் பார்க்க சிம்பாங் பூலாய் பக்கம் மேட்டில் ஏறினோம். நீ ஓட்டினாய். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவது கியரில் நீ மிதித்தபோது கார் பாய்ந்தது, எனக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. நீ சட்டென்று காலை எடுத்துவிட்டாய்.

"அப்பா, கேக்குதா? டப்பாவுல சின்னக் கல்லு போட்டு ஆட்டுற மாதிரி."

"எது?"

"மிதிக்கும்போது. நாக் பா இது."

"ஒண்ணும் இல்ல. கூம்பு ஃபில்டர் சத்தம். உனக்குப் பழக்கம் இல்ல."

திரும்ப மிதித்தாய். திரும்பவும் உனக்குக் கேட்டது. எனக்குக் காற்றும் டயரும் மட்டும்தான் கேட்டன. மடிக்கணினியில் காரின் சென்சார் உன் பக்கம் இருந்தது. பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனை அடிக்கிறது, நாக் வருகிறது என்று அது ஒவ்வொரு முறையும் தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நீ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு விரலை வைத்துக் காட்டினாய். "அளவுலயே காட்டுது பாருங்க." நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, அந்த சென்சாருக்கு எளிதில் உறைக்காதபடி அதன் கூர்மையை மடிக்கணினியில் குறைத்துவிட்டேன். திறந்த ஃபில்டரின் இரைச்சலை அது நாக் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது என்றேன். அப்படியும் நடப்பது உண்டு, அதனால் என் பேச்சு நியாயம் போலத்தான் இருந்தது. "இத்தன வருஷமா இந்தக் காதுதான் நமக்குச் சோறு போட்டுச்சு. நேத்து வாங்குன காரு எனக்குச் சொல்லித் தருதா?" என்று கேட்டேன். நீ சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

அந்தக் காதைப் பற்றி இப்போது சொல்கிறேன். தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்த நாளிலிருந்தே எனக்கு அதில் கர்வம். டிரைவருக்குக் கேட்காதது எனக்குக் கேட்கும். அப்புறம் சொந்தப் பட்டறை வைத்தபோது தைப்பிங்கிலிருந்துகூட வண்டி கொண்டுவந்தார்கள். "அண்ணே, கொஞ்சம் கேட்டுப் பாருங்க," என்பார்கள். கேட்டுப் பார்த்துச் சொல்வேன், சரியாக இருக்கும். அது எப்போது குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. குக்கர் விசில் அடித்தும் நான் அசையாமல் இருக்கிறேன் என்று அம்மா சத்தம் போட்டாள். டிவியை இவ்வளவு சத்தமாக வைக்காதீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லிப் போனார். உன் நிச்சயதார்த்தத்தில் ரூபன் வீட்டார் பேசியதில் பாதிக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். சன்னமான சத்தங்கள்தான் முதலில் போகும் என்று பிறகு காது டாக்டர் சொன்னார். தடித்த சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பதால் மனுஷனுக்கே தெரியாதாம். எனக்கு அந்தச் சாக்கு முழுதாகப் பொருந்தாது. கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது. சோதித்துப் பார்த்தால் உறுதியாகிவிடும் என்றுதான் போகாமல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் ரூபனும் பாகான் செராயில் அவன் வீட்டுக்குப் புறப்பட்டீர்கள். கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளை அவன் அம்மாவிடம் காட்டத் துணிக்கடைப் பைகளைப் பின் இருக்கையில் அடுக்கினாய். நல்ல வெயில். ஜெலாப்பாங் தாண்டி நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைக்கு ஏறுகிற நீண்ட மேட்டில் இஞ்சின் உடைந்தது. ஒரு பிஸ்டனின் விளிம்பு பெயர்ந்து, பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி, இழுவை செத்துப்போனது. நீ பதறாமல் இடப்பக்க அவசரப் பாதையில் கொண்டுவந்து நிறுத்தினாய். நீ செய்தது எல்லாம் சரி. ரூபன் எச்சரிக்கை முக்கோணத்தை வைக்க இறங்கிப் பின்னால் நடந்தான். புகைக்குள்ளிருந்து அந்தப் பாதையிலேயே வந்த ஒரு மோட்டார் சைக்கிள் அவனை அடித்தது. ஓட்டி வந்த மலாய்க்காரப் பையனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ரூபனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

நீ போன் செய்தபோது முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரிகளின் இரைச்சலுக்குள் உன் குரல் மெலிதாக வந்தது. "என்னா? சத்தமா சொல்லு!" என்று உன்னை அதட்டினேன். ரத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அம்மா போனைப் பிடுங்கிக் கேட்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ரூபனுக்கு அறுவை முடிந்து அவன் கண் விழித்த பிறகுதான் இஞ்சினைத் திறந்தேன். நீயும் பக்கத்தில் நின்றாய். பிஸ்டனின் தலையில் மணல் தெளித்தது போலப் பொத்தல் பொத்தலாக இருந்தது, விளிம்பு ஒடிந்திருந்தது. நாக் அடித்து அடித்துச் செத்த பிஸ்டன். அதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. நீ அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தட்டில் வைத்தாய். "மூடி வைங்க பா," என்று மட்டும் சொன்னாய். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டையாவது நடந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் நாம் மூவரும் பாகான் செராய்க்குப் போனோம். ரூபனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னறையில் கட்டில் போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தான். அவன் அம்மா நமக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கணவர் இல்லாமல் ஒற்றை மகனை வளர்த்தவர். சேலை முந்தானையை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் உன்னைப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அவ்ளோ ஸ்பீடு? இஞ்சினே வெடிக்கிற அளவுக்கா மிதிப்ப? என் புள்ள உன்ன நம்பித்தானே ஏறுனான்?"

"அம்மா, அவ ஸ்பீடு போடல," என்று ரூபன் சொன்னான்.

"நீ சும்மா இருடா. நீ அவளுக்காகத்தான் பேசுவ." என்னிடம் திரும்பினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. நல்லா ஓட்டுனா இஞ்சின் உடையுமா?"

கேள்வி என்னிடம்தான் வந்தது. பதில் என்னிடம்தான் இருந்தது. துர்கா, அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் கோப்பியை எடுத்துக் குடித்தேன். "நேரம் சரியில்லம்மா," என்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சிருங்க அத்தை," என்றாய்.

ஏன் வாயை மூடினேன் என்று பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும், பட்டறை பெயர் கெட்டுவிடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். அவை எல்லாம் இருந்தன. ஆனால் அந்த நிமிடத்தில் என் நாக்கைப் பிடித்தது அதைவிடச் சின்ன விஷயம். எனக்குக் காது கேட்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும் வழியில் அம்மா என்னைக் கேட்டாள். "ஏங்க, உங்க வாய யாரு தச்சா?" அதுவும் எனக்குக் கேட்காதது போல ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

கல்யாணம் நடந்தது. ரூபன் ஊன்றுகோலோடு மணவறையைச் சுற்றி வந்தான், நீ அவன் வேகத்துக்கு நடந்தாய். எல்லாரும் அழுதோம். கண் நிறைந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அம்மாதான் சொன்னாள். கமுந்திங்கில் இருக்கும் தொழிற்சாலைக் கிளைக்கு மாற்றல் வாங்கிய நீ இருட்டோடு எழுந்து தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிறாயாம். வீட்டில் ரூபனின் கார் சும்மா நிற்கிறது, ஆனால் உன் மாமியார் சாவியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ரூபனை மருத்துவமனையில் கால் பயிற்சிக்கு அழைத்துப் போகப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார்கள். பதினேழு வயதில் லைசென்ஸ் எடுத்து, இதுவரை போலீஸ்காரரிடம் ஒரு அபராதச் சம்மன்கூட வாங்காத என் மகளை நம்பி அந்த வீட்டில் ஒரு சாவி கொடுக்க ஆளில்லை. நான் குடித்த அந்த ஒரு வாய் கோப்பியால் வந்தது இது.

மறுநாளே கிளம்பி வந்தேன். நீ வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். அந்த உடைந்த பிஸ்டனை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய் உன் மாமியார் முன்னால் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூம்பு ஃபில்டரை, டியூனை, நீ மேட்டில் கேட்டதை, நான் சென்சாரை மழுக்கியதை, என் காதை. அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் முக்கியமானது புரிந்துவிட்டது. அந்தப் பிஸ்டனின் ஒடிந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் போயிருந்தேன்.

"அன்னைக்கு உங்ககிட்டதானே அண்ணே கேட்டேன்," என்றார். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் புள்ளைய நான் அப்படிப் பேசியிருப்பேனா? இத்தன மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தேனே. இப்ப அவ முகத்த நான் எப்படிப் பாக்குறது?"

எழுந்து வந்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது, அதை மறைக்கவில்லை. வழியில் நிறுத்தி வயிறாரச் சாப்பிட்டேன். சாயங்காலம் உன் போன் வந்தது.

"யாரக் கேட்டுப் போனீங்க?"

"உனக்காகத்தான்மா..."

"எனக்காக இல்ல. நான் அவங்ககிட்ட கொஞ்சங் கொஞ்சமா பேசி வழிக்குக் கொண்டு வந்துகிட்டு இருந்தேன் பா. போன வாரம்தான் முதல் தடவையா ரூபனோட என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க. இப்ப என்னப் பாத்தாலே அழுறாங்க. சாவிய என் கையில திணிக்கிறாங்க. வேணாம்னு சொன்னா அதுக்கும் அழுறாங்க. நான் சம்பாதிச்சு வாங்க வேண்டிய சாவி பா அது. நீங்க போய் கெஞ்சி வாங்கிக் குடுத்துட்டீங்க. அன்னைக்கு மேட்டுல நான் சொன்னத கேக்கல. இப்பவும் என்ன ஒரு வார்த்த கேக்கல. உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப பண்ணுவீங்க."

நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது சரி, துர்கா. உன் பழியைத் துடைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், ஆனால் பாரத்தை இறக்க இடம் தேடித்தான் போயிருக்கிறேன். இறக்கியதை உன் மாமியார் தலையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது அந்த அம்மாவை நீதான் தேற்ற வேண்டியிருக்கிறது. நான் பேச வேண்டிய நாள் அந்தக் கோப்பி நாள். அதைத் தவறவிட்ட பிறகு எந்த நாளில் பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை முடிவு செய்ய உரிமை உனக்குத்தான் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. உன்னைக் கேட்காமல் செய்வது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

காதுக்குக் கருவி வாங்கிப் போட்டிருக்கிறேன். குளிர்பெட்டி இவ்வளவு முனகும் என்று எனக்குத் தெரியாது. அம்மா பேசுவது எல்லாம் கேட்கிறது, அதனால் பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. டியூன் வேலை கேட்டு வருகிறவர்களை வேறு பட்டறைக்கு அனுப்புகிறேன். பையன்கள் ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. இவற்றை எல்லாம் சமாதானத்துக்காக எழுதவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதும் இல்லை. கேட்டால் அதற்கும் நீ ஏதாவது செய்தாக வேண்டும்.

கார் விஷயம் மட்டும் கேட்கிறேன். ஒரிஜினல் காற்றுப்பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை, கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். உன் ஊரில் அறுவடைக் காலத்தில் வயல் தூசி பறக்கும், அதற்கு அந்த மூடிய பெட்டி நல்லது. குழாயைக் கீழே பம்பர் பக்கம் இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் மழையில் வாய்க்கால் பொங்கி ரோட்டில் தண்ணீர் நின்றால் இஞ்சினே தண்ணீரைக் குடித்துவிடும். நீ அன்று சொன்னதுபோல கிரில்லுக்குப் பின்னால் வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும். டியூனைக் கம்பெனியில் வந்தபடியே விடலாம், கொஞ்சம் கூட்டவும் செய்யலாம். கூட்டுவதென்றால் நீ ஊற்றும் பெட்ரோலுக்கு ஏற்ப, அளந்து பார்த்துச் செய்கிற ஒருவரிடம் நீயே கொண்டுபோ. சென்சாரை அதன் பழைய கூர்மைக்கே திருப்பிவிட்டேன், அதை மட்டும் கேட்காமல் செய்துவிட்டேன். இந்தக் காரே இனி வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று நீ சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

தூசி போகாமல் இருக்க டர்போவின் வாயைச் சுத்தமான துணியால் கட்டி வைத்திருக்கிறேன். அதில் எதைப் பூட்டுவது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, ஆனால் அதை எழுதப்போவதில்லை. என்னிடம் பேச மனசு வரவில்லை என்றால் அம்மாவிடம் சொல். எவ்வளவு நாளானாலும் சரி. நீ சொல்வதைத்தான் பூட்டுவேன்.

அப்பா